நீர்க்கட்டியில் இருப்பது நீர்தானா? மூளைக் கட்டி அறுவைத் திட்டமிடலில் எம்.ஆர்.ஐ. படத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மூளைக்குள் தோன்றும் நீர்க்கட்டிகளுக்கான அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடுவதில் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் இன்று முதன்மை இடம் பெற்றுள்ளது. படம் அறுவை மருத்துவரின் கையை வழிநடத்தியது என்பதே இத்துறை வரலாறு குறித்துப் பரவலாகக் கூறப்படுவது. அறுவையில் கைக்குக் கிடைத்த பொருளே படத்தை வாசிக்கும் முறையை உருவாக்கியது என்னும் எதிர்த்திசை உண்மையைக் கூழ்மக் கட்டி, முத்துக் கட்டி, நாடாப்புழுவின் இளவுயிரிக் கட்டி ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பங்களிப்பும் இந்நோக்கில் ஆராயப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: மூளை நீர்க்கட்டி, எம்.ஆர்.ஐ., மருத்துவ வரலாறு, அறுவைத் திட்டமிடல், வேலூர்

முன்னுரை

நீர்க்கட்டி என்னும் தமிழ்ச் சொல்லுக்குள் ஒரு முடிவு முன்கூட்டியே அடங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது நீர் என்று அச்சொல் சொல்லிவிடுகிறது. மேலை மருத்துவம் வழங்கும் 'சிஸ்ட்' என்னும் சொல்லோ பை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பைக்குள் என்ன இருக்கிறது என்பது குறித்து அச்சொல் எதுவும் கூறுவதில்லை. மூளையில் காணப்படும் இத்தகைய பைகளுக்குள் தெளிந்த நீரும் இருக்கலாம்; கெட்டியான கூழ், உதிர்ந்த தோற்செதில்கள், ஒரு புழுவின் தலை ஆகியவற்றுள் ஒன்றும் இருக்கலாம். கட்டியைத் திறக்கலாமா, உறிஞ்சி எடுத்தால் போதுமா, தொடாமல் விடுவதே நன்றா என்பவை அனைத்தும் உள்ளே இருப்பதைப் பொறுத்தவை.

மருத்துவப் படவியலின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ராண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டார், ஹவுன்ஸ்ஃபீல்டு சி.டி. கருவியை உருவாக்கினார், லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் எம்.ஆர்.ஐ.க்கு வழிவகுத்தனர் என்னும் வரிசையில் தவறில்லை. ஆயினும் அவ்வரிசையில் நோயாளியின் தலையைத் திறந்தவருக்கு இடமில்லை. படத்தில் தெரியும் கருமைக்கும் வெண்மைக்கும் பொருள் தந்தவர்கள் அவர்களே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

காற்றைக் கொண்டு வரைந்த படம்

எக்ஸ் கதிருக்கு மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. மூளைத் திசுவும் அதனைச் சூழ்ந்த தண்டுவட நீரும் கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் தடுப்பதால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகவே படிகின்றன. மண்டையோடு முறிந்த ஒரு நோயாளியின் மூளையறைகளுக்குள் காற்று புகுந்து, அவ்வறைகள் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிந்ததை நியூயார்க்கைச் சேர்ந்த லக்கெட் 1913இல் பதிவு செய்தார். விபத்தாக நேர்ந்த இதனைத் திட்டமிட்ட முறையாக மாற்றியவர் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்டர் டேண்டி. 1918இல் அவர் வெளியிட்ட முறைப்படி, மண்டையோட்டில் துளையிட்டு மூளையறை நீர் வெளியே எடுக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் காற்று செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தும் முறையையும் அவர் வெளியிட்டார்.

இப்படங்களில் கட்டி தெரியவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். தெரிந்தது காற்று மட்டுமே. இரு பக்க அறைகளும் விரிந்து, மூன்றாம் அறை காற்றால் நிரம்பாது நின்றால் அங்கே ஏதோ அடைத்திருக்கிறது என்பது ஊகம். அவ்வாறு அடைப்பனவற்றுள் ஒன்று கூழ்மக் கட்டி. மூன்றாம் மூளையறையின் கூரையில், மன்ரோ துளைக்கு அருகில் வளரும் இது புற்றன்று. பல நேர்வுகளில் ஒரு கடலையின் அளவைத் தாண்டுவதுமில்லை. ஆயினும் அது இருக்கும் இடம் மூளைத் தண்டுவட நீரின் வாயில் என்பதால் நீர் தேங்கித் திடீர் மரணம் நேர்வதுண்டு. 1858இல் வால்மான் பிணக்கூறாய்வில் கண்டு விவரித்த இக்கட்டியை உயிருள்ள நோயாளியிடமிருந்து 1921இல் வெற்றியுடன் அகற்றியவர் டேண்டி. மூன்றாம் மூளையறையின் தீங்கற்ற கட்டிகளைப் பற்றி 1933இல் அவர் தனி நூலே எழுதினார்.

இதற்கு நோயாளி கொடுத்த விலை சிறிதன்று. காற்றுப் படம் எடுக்கும்போது கடுந்தலைவலியும் வாந்தியும் உண்டாயின. காற்றை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நகர்த்துவதற்காக நோயாளியை நாற்காலியில் கட்டிச் சுழற்றும் வழக்கமும் பின்னர் வந்தது. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருந்தவர்களிடையே உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. 1970களின் பிற்பகுதி வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், இம்முறை கைவிடப்படவில்லை. வேறு வழி இல்லாததே காரணம்.

கட்டியின் உட்பொருளைப் பற்றிய அறிவு இக்காலத்தில் படத்திலிருந்து வரவில்லை. பிணக்கூறாய்வு மேசையிலிருந்தும் அறுவை மேசையிலிருந்தும் வந்தது. சுவீடனின் ஆர்விட் லிண்டாவ் 1926இல் வெளியிட்ட சிறுமூளைக் கட்டிகளைப் பற்றிய ஆய்வு இதற்குத் தக்க சான்று. பெரிய நீர்ப்பை ஒன்றின் சுவரில் ஒட்டியிருக்கும் சிறு முடிச்சே உண்மையான கட்டி, நீர் அதன் விளைவு மட்டுமே என்னும் புரிதல் இத்தகைய ஆய்வுகளால் வேரூன்றியது. நீரை வடித்துவிட்டு முடிச்சை விட்டுவிட்டால் பை மீண்டும் நிரம்பும். காடோலினியம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் அம்முடிச்சு ஒளிர்ந்து தெரிவது பிற்காலத்தது. எதைத் தேட வேண்டும் என்பது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

விம்பிள்டனில் தெரிந்த வட்டம்

1971 அக்டோபர் 1 அன்று, இலண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக சி.டி. கருவியில் வைத்துப் படமெடுக்கப்பட்டது. கருவியை வடிவமைத்தவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. உடன் பணியாற்றிய கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்புரோஸ். (தமிழ்த் திரையிசைத் தட்டுகளின் வழியே நம் வீடுகளுக்கு அறிமுகமான அதே ஈ.எம்.ஐ.தான்.) பதிவான அளவுகள் காந்த நாடாவில் நகரின் மறுபுறத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, கணினியில் கணக்கிடப்பட்டுப் படமாகத் திரும்பின. 80க்கு 80 கட்டங்கள் மட்டுமே கொண்ட அக்கரடுமுரடான படத்தில் முன்மடலில் ஒரு வட்டம் தெரிந்தது. அது நீர்ப்பையுடன் கூடிய கட்டி. அறுவை செய்த மருத்துவர், உள்ளே கண்டது படத்தில் இருந்தது போலவே இருந்ததாகக் கூறினார் என ஹவுன்ஸ்ஃபீல்டு பின்னர் நினைவுகூர்ந்துள்ளார்.

புதிய படவியலின் முதல் நோயாளியிடம் காணப்பட்டது மூளைக்குள் ஒரு நீர்ப்பை என்பதும், படம் மெய் என்று சான்றளித்தது அறுவை மருத்துவரின் கண் என்பதும் கருதத்தக்கன. அக்கண் இல்லாதிருந்தால் அவ்வட்டம் கணக்கின் பிழையாகவும் கருதப்பட்டிருக்கலாம்.

சி.டி. அளப்பது ஒரே பண்பை: திசு எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை. ஆகவே இரு பைகளின் உட்பொருள்கள் கதிரை ஒரே அளவில் தடுத்தால், ஒன்றில் நீரும் மற்றொன்றில் வேறு பொருளும் இருந்தாலும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தண்டுவட நீருக்குள் மிதக்கும் மெல்லிய சுவருடைய நீர்ப்பை ஒன்று இருந்தால் அது தெரியாமலே போகவும் கூடும்.

நீரிலிருந்து நீரைப் பிரித்தறிதல்

எம்.ஆர்.ஐ.யின் முதல் படம் நீரின் படம். பால் லாட்டர்பர் 1973இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையில், கனநீர் கலந்த குழாய்க்குள் நிறுத்தப்பட்ட இரு நுண்குழாய்களில் இருந்த சாதாரண நீர் படமாக்கப்பட்டிருந்தது. அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது அதே கட்டுரையின் மற்றொரு சோதனை. ஒரு நுண்குழாயில் தூய நீர்; மற்றொன்றில் சிறிதளவு மாங்கனீசு உப்பு கரைந்த நீர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாத இவ்விரு நீர்களையும் படம் பிரித்துக் காட்டியது. எம்.ஆர்.ஐ.யால் பிற்காலத்தில் மூளைக் கட்டி மருத்துவம் பெற்ற பயனின் வித்து இச்சோதனையிலேயே இருந்தது எனலாம்.

உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் ஒழுங்குபெறுகின்றன. ரேடியோ அலையால் அவ்வொழுங்கு கலைக்கப்பட்டபின் அவை மீளும் வேகம் சூழலுக்கேற்ப மாறுபடும். டி1, டி2 எனக் குறிக்கப்படும் இருவகை மீட்சி நேரங்களும் நீரில் என்ன கரைந்துள்ளது, அது எவ்வளவு கெட்டியாக உள்ளது என்பவற்றைச் சார்ந்தவை. தெளிந்த தண்டுவட நீர் டி1 படத்தில் கருமையாகவும் டி2 படத்தில் வெண்மையாகவும் தெரியும். புரதம் செறிந்த கூழ் டி1 படத்தில் வெண்மையாகவே தெரியக்கூடும். 1980களின் தொடக்கத்தில் இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் யங், கிரேம் பைடர் முதலியோர் 0.15 டெஸ்லா காந்தத்தைக் கொண்டு மூளையைப் படமெடுத்தபோது, இம்மாறுபாடுகள் நோயறிதலுக்கு எவ்வளவு உதவும் என்பது வெளிப்பட்டது. பின்னர் 1992இல் அதே மருத்துவமனையிலிருந்து, தண்டுவட நீரின் ஒளியை மட்டும் அடக்கிக் காட்டும் ஃபிளேர் முறையும் வந்தது.

அறுவைத் திட்டமிடலுக்கு இதனுடன் மற்றொரு பயனும் சேர்ந்தது. தொடக்ககால சி.டி. தலையைக் குறுக்காக மட்டுமே வெட்டிக் காட்டியது. எம்.ஆர்.ஐ. எத்தளத்திலும் நேரடியாகப் படம் தந்தது. கூழ்மக் கட்டியை அடையப் புறணியைத் துளைத்துப் பக்க அறைக்குள் செல்லலாம். இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் பாலத்தைச் சிறிது பிளந்தும் செல்லலாம். 1980களுக்குப் பின் உள்நோக்கியின் வழியும் திறந்தது. எவ்வழியைத் தேர்ந்தாலும் நினைவாற்றலைத் தாங்கும் ஃபோர்னிக்ஸ் என்னும் நரம்பிழைக் கற்றை கட்டியை ஒட்டியே இருக்கும். அதனைக் காயப்படுத்தினால் நோயாளி உயிர் பிழைத்தும் புதியவற்றை நினைவில் நிறுத்த இயலாதவராகலாம். கற்றையும் சிரைகளும் கட்டியின் எப்பக்கம் தள்ளப்பட்டுள்ளன என்பதைத் தலையைத் திறக்கும் முன்பே காண முடிந்ததை இவ்விடத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

கூழ் கெட்டியா, நீர்மமா?

கூழ்மக் கட்டியை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டால் பெரிய அறுவை தேவையில்லை என்னும் எண்ணம் 1970களின் இறுதியில் வலுப்பெற்றது. தலையில் பொருத்திய சட்டத்தின் அளவுகளைக் கொண்டு ஊசி துல்லியமாகச் செலுத்தப்பட்டது. சிலரிடம் கட்டி வற்றியது. சிலரிடம் ஊசிக்குள் எதுவும் ஏறவில்லை. பிட்ஸ்பர்க்கின் கோண்ட்சியோல்காவும் லன்ஸ்ஃபோர்டும் 1991இல் இத்தோல்விகளைப் பின்னோக்கி ஆராய்ந்தனர். சி.டி.யில் மூளையை விட அடர்த்தியாகத் தெரிந்த கட்டிகளிலும் மிகச் சிறிய கட்டிகளிலும்தான் உறிஞ்சுதல் பெரிதும் தோற்றிருந்தது. எம்.ஆர்.ஐ.யிலும் டி2 படத்தில் கருமையாகத் தெரியும் கட்டியின் உட்பொருள் கெட்டியாக இருக்கும் என்பது அறுவை அனுபவத்தால் உணரப்பட்டது.

தோற்றுப்போன ஊசியே இங்கு ஆசிரியர். அதுவரை அந்த அடர்த்தி படத்தில் இருந்தது. ஆனால் அதற்குப் பொருள் இருக்கவில்லை. பழைய கருவியாகிய சி.டி. இவ்வினாவுக்கு எம்.ஆர்.ஐ.க்கு இணையாக விடை தருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. புதியது வந்ததும் பழையது நீங்கிற்று என்னும் எளிய கதைக்குக் கூழ்மக் கட்டி பொருந்துவதில்லை.

படக்கருவிகள் பெருகியதால் வேறொரு சிக்கலும் எழுந்தது. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில், எத்துன்பமும் இல்லாதவரிடம் கூழ்மக் கட்டி தென்படலாயிற்று. டேண்டியின் காலத்தில் இத்தகையோர் மருத்துவரின் முன் வந்ததே இல்லை. மேயோ மருத்துவமனையின் பொல்லாக்கும் ஹஸ்டனும் அறிகுறியற்ற 68 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், 5 ஆண்டுகளுக்குள் எவருக்கும் கட்டியால் அறிகுறி தோன்றவில்லை. 10 ஆண்டுகளில் அந்த வாய்ப்பு 8 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. 2016இல் செயின்ட் லூயிஸ் குழுவினர் வகுத்த இடர் மதிப்பெண்ணில் வயது, தலைவலி, 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமான அளவு, மூன்றாம் அறையில் கட்டியின் இருப்பிடம் ஆகியவற்றுடன், ஃபிளேர் படத்தில் கட்டி வெண்மையாகத் தெரிகிறதா என்பதும் ஓர் அளவையாயிற்று. அறுக்காமல் விடுவதற்கான திட்டமிடலும் திட்டமிடலே.

முத்தும் நீரும்

பிரெஞ்சு மருத்துவர் குருவேயியே 1829இல் முத்துப்போல் மின்னும் ஒரு கட்டியை விவரித்து அதற்கு முத்துக் கட்டி என்றே பெயரிட்டார். எபிடெர்மாய்டு என இன்று வழங்கும் இதன் உள்ளே இருப்பவை உதிர்ந்த தோற்செல்கள். மூளையின் அடிப்பகுதியில் நரம்புகளையும் தமனிகளையும் தழுவிப் படர்ந்து வளர்வது இதன் இயல்பு. உட்பொருள் தண்டுவட நீரில் சிந்தினால் மூளையுறை அழற்சி உண்டாகும். இதே இடத்தில் சிலந்திப்படல நீர்க்கட்டியும் தோன்றும். அது மெய்யாகவே நீர்க்கட்டி. தண்டுவட நீரைப் போன்ற நீர் நிறைந்த பை. துன்பம் தராவிட்டால் அதனை விட்டுவிடலாம். தந்தால் சுவரில் ஒரு வாயில் திறந்துவிட்டால் பெரும்பாலும் போதும்.

இவ்விரண்டும் சி.டி.யில் கருமையாகத் தெரிந்தன. வழக்கமான டி1, டி2 படங்களும் அவற்றைத் தெளிவாகப் பிரிக்கவில்லை. ஒன்றை மற்றொன்றாகக் கருதித் தலையைத் திறந்தால், வாயில் திறக்கச் சென்றவர் நரம்புகளில் ஒட்டிய சுவரைப் பல மணி நேரம் பிரித்தெடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாவார். 1990இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சுருடா முதலியோர், நீர் மூலக்கூறுகளின் அலைவை அளக்கும் பரவல் படத்தைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்தலாம் எனக் காட்டினர். தெளிந்த நீரில் மூலக்கூறுகள் தடையின்றி அலைகின்றன. செதில்கள் அடுக்கடுக்காகச் செறிந்த பையில் அவ்வாறு அலைய இயலாது. பரவல் படத்தில் சிலந்திப்படலக் கட்டி கருமையாகவும் முத்துக் கட்டி வெண்மையாகவும் தெரிகின்றன. குருவேயியே வெறுங்கண்ணால் கண்ட முத்தின் வெண்மையும் இவ்வெண்மையும் தொடர்பற்றவை. ஆயினும் 160 ஆண்டுகளுக்குப் பின் அக்கட்டி மறுபடியும் வெண்மையாலேயே அடையாளம் பெற்றது ஒரு சுவையான தற்செயல்.

வேலூரில் கிடைத்த புழு

இதுவரை கண்டவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்தவை. அறுவை படத்துக்குப் பொருள் தந்ததற்கு மிகத் தெளிவான சான்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை. 1980களில் இந்தியாவில் சி.டி. பரவியபோது, வலிப்புடன் வந்த இளையோர் பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தென்பட்டது. காசநோய் மிகுந்த நாட்டில் அதனைக் காசநோய்க் கட்டி எனக் கொள்வது இயல்பாக இருந்தது. காசநோய் மருந்துகள் நெடுங்காலம் தரப்பட்டன. சில மாதங்களில் வளையம் மறைந்தது. மருந்து வென்றது என்று கருதப்பட்டது. மருந்தே தராவிட்டாலும் அது மறைந்திருக்குமா என்னும் ஐயத்தை எழுப்பப் படத்தால் இயலவில்லை.

மேத்யூ சாண்டி, வி. ராஜசேகர் ஆகியோரைக் கொண்ட வேலூர்க் குழு அப்புள்ளிகளை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தது. அங்கே கிடைத்தது பன்றி நாடாப்புழுவின் இளவுயிரியும் அதன் சிதைவும். 1989இல் 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளிவந்தது. புழுவின் முட்டை, மாசுபட்ட உணவு, நீர், கைகள் வழியே உடலுக்குள் செல்வதால் இந்நோய் உண்டாகிறது. ஆகவே பன்றியிறைச்சி உண்ணாதவரும் இதற்கு விலக்கல்லர். உண்பவரைக் குறைகூறும் வழக்கத்துக்கு மருத்துவ அடிப்படை இல்லை.

வேலூர்க் குழு இதனோடு நிற்கவில்லை. வலிப்புடன் வந்தவர், மண்டைக்குள் அழுத்தம் ஏறாதவர், நரம்புக் குறைபாடு வளர்ந்து வராதவர், உடலில் வேறு நோயில்லாதவர். படத்தில் ஒரே புள்ளி, 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டது, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாதது. இவை பொருந்தினால் அறுவையின்றியே நோயை உறுதிசெய்யலாம் என்னும் அளவைகளை அவர்கள் வகுத்து 1997இல் சரிபார்த்து வெளியிட்டனர். சிலரின் தலையைத் திறந்து கற்றது, பின்வந்த பெருந்திரளானோரின் தலையைத் திறக்காமல் காத்தது. எம்.ஆர்.ஐ. பரவியபின் பைக்குள் புழுவின் தலையே சிறு புள்ளியாகத் தெரியலாயிற்று. அப்புள்ளி புழுவின் தலை என்று சொல்ல முடிந்தமைக்கு, அதனை முன்பே நுண்ணோக்கியின் கீழ்ப் பார்த்திருந்ததே காரணம்.

படத்தின் ஆயுள்

எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் ஏற்றி, அறுவைக் கருவியின் நுனி மூளையில் எங்குள்ளது என்று திரையில் காட்டும் வழிகாட்டு முறைகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்தன. திடமான கட்டிகளுக்கு அவை பெரிதும் உதவின. நீர்ப்பைகளிடமோ அவற்றின் குறை வெளிப்பட்டது. பையைத் திறந்து நீர் வடிந்தவுடன் சுவர் சரிகிறது. சூழ்ந்த மூளை இடம்பெயர்கிறது. திரையிலோ முன்னாள் எடுத்த மூளை அசையாமல் நிற்கிறது. 1990களின் நடுப்பகுதியில் பாஸ்டனில் ஃபெரென்ஸ் யோலெஸ்சும் பீட்டர் பிளாக்கும் காந்தத்தையே அறுவை அறைக்குள் கொண்டுவந்தமைக்கு இத்தகைய இடப்பெயர்ச்சி ஒரு முதன்மைக் காரணம். எனினும் அக்கருவியின் விலை அதனைச் சில மருத்துவமனைகளுக்குள்ளேயே நிறுத்திவிட்டது. மற்றவர்கள் பையை உடனே வடிக்காமல், முதலில் சுவரின் எல்லைகளைப் படத்துடன் ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டு, பின்னர்த் திறக்கும் ஒழுங்கைப் பின்பற்றலாயினர். செலவற்ற இத்தீர்வைக் கருவிகளின் வரலாறு குறிப்பதில்லை.

மூளையறைக்குள் மிதக்கும் நாடாப்புழுக் கட்டி இன்னும் சிக்கலானது. சி.டி.யில் சூழ்ந்த நீரோடு ஒன்றி மறையும் அதன் சுவரையும் தலையையும் எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. ஆனால் அறைச் சுவரில் ஒட்டாத கட்டி, படமெடுத்தபின் வேறோர் அறைக்கு நகர்ந்துவிடுவதுண்டு. பக்க அறையில் காண்பதாக எண்ணி உள்நோக்கியைச் செலுத்தியவர் அங்கே தெளிந்த நீரை மட்டுமே கண்ட நேர்வுகள் உள்ளன. முன்னரே தரமான படம் கையில் இருந்தாலும், அறுவைக்குச் சற்று முன் மீண்டும் ஒருமுறை படமெடுத்துக் கட்டி இருக்கும் அறையை உறுதிசெய்ய வேண்டும் என்னும் நடைமுறை இவ்வாறுதான் உருவாயிற்று.